அத்தானோட கிருமி

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். இங்கே எல்லாரும் சுகம்னு ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனா பொய்யோட ஆரம்பிச்சா அப்புறம் எல்லாமே பொய்யா வந்துடும். நீ எப்படி இருக்கே? வேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல அந்த லேப்ல டீயைக் குடிச்சே பொழுதை ஓட்டுறியா?

போன்ல சொல்லாம கடுதாசி எழுதுறாளேன்னு யோசிப்பே. இருக்கிறது ஒரே ரூம். அத்தான் கட்டில்ல படுத்திருக்கார், நடுவுல ஒரு துணித் திரை. அவருக்கு சலூன்காரர் காது. கத்திரிச் சத்தத்துக்கு நடுவுலயும் தெருவுல யார் என்ன பேசுறாங்கன்னு சொல்லிடுவார். நான் சொல்லப்போறது அவர் காதுல விழக்கூடாது.

அத்தான் கால்ல புதுச் செருப்பு கடிச்ச புண்ணுன்னு சொன்னேனே, அது ஆறவே இல்ல. ஏற்கெனவே சுகர். கடையை மூடு, காலைத் தூக்கி வச்சுக்கோன்னு தலைகீழா நின்னு சொன்னேன், மனுஷன் கேட்டாத்தானே! நாள் பூரா நின்னு முடி வெட்டிட்டு ராத்திரி வந்து கட்டைப் பிரிச்சா, வீடு முழுக்க நாத்தம். ஊசி, மாத்திரைன்னு என்னென்னவோ மாத்திப் பார்த்துட்டாங்க. எதுக்கும் அந்தக் கிருமி அசையலையாம். பெரிய டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “இப்ப ரெண்டு கால்விரலை எடுத்தா அதோட போகும்மா. தள்ளிப் போட்டா எதுவரைக்கும் எடுக்கணும்னு என்னால சொல்ல முடியாது.” அத்தான்கிட்ட இன்னும் சொல்லல. எனக்குத் தைரியம் இல்ல.

போன தடவை வந்தப்போ வாய் கிழியப் பேசினியே, எந்த மருந்துக்கும் சாகாத கிருமியை ஒரு இலைச்சாறு கொல்லுதுன்னு. அது நிஜமா, இல்ல அத்தான் முன்னாடி பீத்திக்கிட்டதா? நர்ஸ் பொண்ணுகிட்ட கெஞ்சி, புண்ணைத் தடவின பஞ்சுக்குச்சி ஒண்ணு வாங்கியிருக்கேன். ஐஸ் டப்பாவுல வச்சு இதோட அனுப்புறேன். பாத்துச் சொல்லு.

உடம்பைப் பத்திரமா பாத்துக்கோ.
அக்கா

•

ஜனவரி 20

என் அருமை அக்காவுக்கு,

நல்லா இருக்கேன், சாப்பிடுறேன், தூங்குறேன், போதுமா? நீயும் அத்தானும் தெம்பா இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டே எழுதுறேன்.

அக்கா, நீ அனுப்பின குச்சி இருக்கே, அது பொக்கிஷம்! சத்தியமா சொல்றேன், இந்த மாதிரி ஒரு கிருமி எங்க லேப்ல இதுவரைக்கும் வந்ததே இல்ல. உனக்குப் புரியுற மாதிரி சொல்றேன். தட்டுல ஜெல்லி மாதிரி ஊத்தி, அதுமேல கிருமியைத் தடவுவோம். விடியறதுக்குள்ள பால் ஆடை மாதிரி படர்ந்துடும். ஜெல்லியில குழி தோண்டி மருந்தை விட்டா, கிருமி செத்த இடம் மட்டும் குழியைச் சுத்தி வெறும் வளையமா தெரியும். ஆஸ்பத்திரியில கொடுக்கிற மருந்தெல்லாம் வரிசையா விட்டுப் பார்த்தேன். வளையமே இல்ல! எல்லாத்துக்கும் தண்ணி காட்டுது. அடுத்த குழியில என் இலைச்சாறு. சட்டைப் பட்டன் அளவுக்குப் பளிச்சுன்னு வளையம். நான் ஆடவே செஞ்சுட்டேன்.

லேப்ல அதுக்கு “அத்தான்”னே பேர் வச்சுட்டாங்க. “அத்தான் இன்னிக்கு நல்லாப் படர்ந்திருக்கார்”னு காலையில ஒருத்தர் சொன்னா எல்லாரும் சிரிப்போம். பேராசிரியர்கூடச் சிரிச்சார், அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

ஆனா ஒண்ணு. இதை அத்தான் கால்ல போடலாமான்னு கேட்டுடாதே. தட்டு வேற, மனுஷன் வேற. இன்னும் எலிக்குக்கூடப் போட்டுப் பார்க்கல. அதுக்கெல்லாம் வருஷக்கணக்கு ஆகும்.

இன்னொரு குச்சி அனுப்ப முடியுமா? ஓரத்துல தடவாம, நல்லா ஆழத்துலேருந்து எடுக்கச் சொல்லு.

பாசத்தோட,
தம்பி

•

ஜனவரி 27

தம்பிக்கு,

நீ நல்லா இருக்கே, சந்தோஷம். சிரிச்சீங்களா? சிரிங்க, நல்லாச் சிரிங்க. இங்கே அத்தான் படர்ந்துதான் இருக்கார், கட்டில்ல.

அவர்கிட்ட சொல்லிட்டேன். டாக்டர் தேதி குறிச்சதுக்கு அப்புறம் எப்படி மறைக்கிறது? அவர் காலைப் பாத்துக்கிட்டே, “விரல் இல்லாம தடுமாறிட்டே வெட்டினா கஸ்டமர் காது பத்திரமா இருக்குமாடி?”ன்னு கேட்டார். நானும் சிரிச்சேன், அவரும் சிரிச்சார். திடீர்னு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பிச்சுட்டார். கல்யாணமானதுலேருந்து அவர் அழுது நான் பார்த்ததில்ல.

உன் கடுதாசியை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். வளையம் விழுந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். “என் மச்சான் கையில மருந்து இருக்கு. அப்புறம் எதுக்கு வெட்டணும்?”ங்கிறார். இதுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீயே சொல்லு. தட்டுல இருக்கிற கிருமிக்கு மருந்து கொடுப்பே, கால்ல இருக்கிற கிருமிக்குக் கொடுக்க மாட்டியா? அது அத்தானோட கிருமிதானேடா! எலிக்குப் போட்டுப் பார்க்கலையாம். எலிக்குக் கடை இருக்கா, பொண்டாட்டி இருக்கா?

ஆழத்துலேருந்து எடுத்த குச்சி இதோட இருக்கு. எடுக்கும்போது வலி தாங்காம என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் நெளிஞ்சு போச்சு.

பதிலை எதிர்பார்த்து,
அக்கா

•

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

சளி பிடிச்சிருந்துச்சு, இப்ப பரவாயில்ல. உங்க ரெண்டு பேரையும் நினைச்சுக்கிட்டே இருக்கேன்.

உன் கடிதத்தைப் படிச்சுட்டுச் சாப்பாடு இறங்கல. யார்கிட்டயும் கேட்கல, கேட்டா விடமாட்டாங்க. ஒரு பாட்டில் அனுப்பியிருக்கேன். துணியை நனைச்சுப் புண்மேல வை, காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மூச்சு விடாதே, டாக்டர்கிட்டகூட.

வெட்டுறதைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போடச் சொல்லு. வீட்ல விசேஷம், ஊர்லேருந்து ஆள் வரணும், ஏதாவது ஒரு சாக்கு சொல்லு. மருந்து வேலை செய்ய அவகாசம் வேணும்ல? ஆழத்துக் குச்சி பிரமாதம். வளையம் இன்னும் பெருசா விழுது. மருந்து போடுறதுக்கு முன்னாடி எடுத்த குச்சி கையில இருக்கு. போட்டதுக்கப்புறம் ஒண்ணு கிடைச்சா, மனுஷன்மேலயே வேலை செஞ்சதுன்னு ஆதாரம் ஆயிடும். அதனாலதான் சொல்றேன், காலை எடுத்துட்டா எனக்கு அடுத்த குச்சி எங்கேருந்து வரும்? ஹா ஹா. சும்மா சொன்னேன், கோச்சுக்காதே.

மார்ச் முதல் வாரம் எல்லார் முன்னாடியும் இதைப் பேசப் போறேன். அத்தானை எனக்காக வேண்டிக்கச் சொல்லு.

தம்பி

•

பிப்ரவரி 16

என் ராஜா, என் தங்கத் தம்பிக்கு,

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்! சளி போயிடுச்சா? வெந்நீர்தான் குடிக்கணும், சொல்லிட்டேன்.

மொத நாள் வச்சதும் அத்தான் போட்ட கூச்சல்ல பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டிட்டாங்க. அப்படி ஒரு எரிச்சல். “என்னடி இது, ஷேவிங் பண்ணிட்டு நம்ம கடையில தடவுற தண்ணி வாசம் அடிக்குது?”ன்னு கேட்டார். பேசாம இருங்க, படிச்சவன் அனுப்பியிருக்கான்னு அதட்டினேன். ஆனா நாத்தம் குறைஞ்சிருக்கு தம்பி! நிஜமாவே குறைஞ்சிருக்கு. மேல காய்ஞ்சாப்புலயும் தெரியுது. எனக்கு வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கு.

டாக்டர்கிட்ட வீட்ல விசேஷம்னு சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பாத்தார். “கால் போறதைவிடப் பெரிய விசேஷமா? உங்க இஷ்டம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்”னு எழுந்து போயிட்டார். போகட்டும். அவருக்கு என்ன தெரியும்?

நேத்து அத்தான் கடைக்கே போயிட்டார். ஸ்டூல்ல உக்காந்து ஒரே ஒருத்தருக்கு முடி வெட்டினார். அவர்கிட்டயும் உன்னைப் பத்தித்தான் பேச்சு. “என் மச்சான் உலகத்துக்கே மருந்து கண்டுபிடிச்சிருக்கான், மொத ஆள் நான்தான்”னு ஒரே பெருமை. மூச்சு விடாதேன்னு நீ சொன்னதெல்லாம் அவருக்கு எங்கே நிக்கும்!

அத்தான் ஆசீர்வாதத்தோட,
அக்கா

•

மார்ச் 2

தம்பிக்கு,

உன் பதில் காணோம். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? போன் பண்ணினா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.

அத்தானுக்கு நாலஞ்சு நாளா காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. காய்ஞ்சாப்புல தெரிஞ்சதே, அது மேல் தோல் மட்டும்தான். அதுக்குக் கீழ அமுக்கினா நொறுக்கு நொறுக்குனு சத்தம் வருது. கருப்பு கணுக்காலைத் தாண்டிடுச்சு. மருந்தை இன்னும் அதிகமா வைக்கணுமா, நிறுத்தணுமா? டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லட்டுமா? நீ மூச்சு விடாதேன்னு சொன்னதால வாயை மூடிட்டு இருக்கேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்.

அக்கா

•

மார்ச் 8

தம்பி,

நல்லா இருக்கியா? காலையில உனக்கு நாலு தடவை போன் பண்ணினேன். அத்தான் என்னை யாருன்னு கேட்குறார். வண்டி வரச் சொல்லியிருக்கேன், ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம். தபால்ல போடட்டும்னு இதைப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டுப் போறேன்.

அக்கா

•

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? இங்கே நான் சௌக்கியம். பதில் எழுதலைன்னு கோபப்பட்டிருப்பே. பேச்சுக்குத் தயார் பண்றதுல தலைக்குமேல வேலை, லேப்ல போனை எடுக்கவும் கூடாது. அத்தானுக்குக் காய்ச்சல்னு எழுதியிருந்தே. இங்கேயும் எல்லாருக்கும் காய்ச்சல்தான், சீசன் அப்படி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நல்லது, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்.

பேச்சு நல்லாத்தான் போச்சு, ஒரு சின்ன விஷயத்தைத் தவிர. எங்க லேப்ல கண்ணாடி போட்ட ஒரு அம்மா இருக்காங்க, எனக்கு சீனியர். கடைசியில எழுந்து, “இலையை எதுல ஊற வச்சீங்க?”ன்னு கேட்டாங்க. ஸ்பிரிட்லன்னேன். “அப்போ இலை போடாம வெறும் ஸ்பிரிட் விட்ட குழி எங்கே?”ன்னாங்க. வழக்கமா அது ஒண்ணு வைக்கிறதுதான். உன் குச்சி வந்த சந்தோஷத்துல, இருந்த குழியெல்லாம் ஆஸ்பத்திரி மருந்துக்கே போயிடுச்சு, அதை விட்டுட்டேன். அன்னிக்கே செஞ்சு பார்த்தேன். வெறும் ஸ்பிரிட்டும் ஏறக்குறைய அதே வளையத்தைத்தான் போடுது. இதெல்லாம் ஆராய்ச்சியில சகஜம். இப்ப இலையைத் தண்ணியில காய்ச்சி எடுத்துப் பார்க்கிறேன். வளையம் சின்னதுதான், உத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா இருக்கு அக்கா, இருக்கு!

பேராசிரியர் முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறார். இந்த நேரத்துல என்னைக் காப்பாத்த உன்னாலதான் முடியும். பாட்டில்ல மிச்சம் இருக்கிறதை நிறுத்தாம வை. வச்சதுக்கப்புறம் அத்தான் கால்லேருந்து ஒரே ஒரு குச்சி அனுப்பு. தட்டுல என்ன ஆனா என்ன, மனுஷன் உடம்புல கிருமி குறைஞ்சிருந்தா அதுக்குமேல யாரும் வாயைத் திறக்க முடியாது. நாலு வருஷப் படிப்பு அந்தக் குச்சியிலதான் தொங்குது. தாமதிக்காதே.

அத்தானுக்கு என் அன்பு.
தம்பி

•

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைச்சது. நீ நல்லா இருக்கிறதுல சந்தோஷம்.

நீ கேட்டதை இதோட அனுப்பியிருக்கேன். டப்பாமேல அத்தான் பேரும் தேதியும் எழுதியிருக்கேன்.

அக்கா

•

ஏப்ரல் 19

என் தெய்வமே, அக்கா!

எப்படி இருக்கே, அத்தான் எப்படி இருக்கார்னு கேட்கவே வேண்டாம். குச்சியே சொல்லிடுச்சு! கிருமி இல்ல. அந்த “அத்தான்” தேடினாலும் கிடைக்கல. எல்லார் தோல்லயும் இருக்கிற சாதுவான கிருமிங்க மட்டும் ரெண்டு மூணு வளர்ந்திருக்கு, அவ்வளவுதான். நல்ல ஆரோக்கியமான தோல் மாதிரி இருக்குன்னு பேராசிரியரே சொன்னார். சொல்லிட்டு என் முதுகுல தட்டிக் கொடுத்தார். கண்ணாடி அம்மா மட்டும், “ஒரே ஆள், ஒரே குச்சி, ஆளை நேர்ல பாத்தீங்களா?”ன்னு இழுத்தாங்க. பொறாமை, வேறென்ன.

கட்டுரையை அனுப்பிட்டோம். வெளிநாட்டுல ஒரு கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. அத்தானோட கால் உலகம் சுத்தப் போகுதுன்னு சொல்லு அவர்கிட்ட! முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம் இருந்தா ரொம்ப நல்லா இருக்கும். ஆறின காலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடேன். நல்ல வெளிச்சத்துல எடு, பக்கத்துல ஒரு ஸ்கேல் வை.

துள்ளிக் குதிச்சுக்கிட்டு,
தம்பி

•

ஏப்ரல் 28

தம்பிக்கு,

போட்டோ அனுப்ப முடியாது. மார்ச் பத்தாம் தேதி அத்தான் காலைத் தொடையோட எடுத்தாங்க. அதுக்குள்ள விஷம் ரத்தத்துல கலந்துடுச்சு. பதினஞ்சாம் தேதி விடிகாலையில போயிட்டார். கடைசிவரைக்கும் மயக்கத்துல யாருக்கோ முடி வெட்டிக்கிட்டே இருந்தார், ரெண்டு விரலை ஆட்டி ஆட்டி. நடுவுல ஒரு தடவை மட்டும் கண்ணைத் திறந்து, “மச்சான் மருந்து வந்துச்சா?”ன்னு கேட்டார்.

டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். “ரெண்டு விரல்மா, ரெண்டே விரல்”னு மட்டும் சொல்லிட்டுப் போனார். உனக்குச் சொல்ல போனைக் கையில எடுத்தேன். நீ எடுக்கல. அடுத்த நாளும் கூப்பிட்டேன், அப்புறம் நீயா கேட்கிறியான்னு பாக்கலாம்னு வச்சுட்டேன். நீ கேட்டே. குச்சி கேட்டே.

உன் கடிதம் வந்தப்போ கட்டில் காலியா இருந்துச்சு. சீசன் காய்ச்சல்னு எழுதியிருந்தே. ஸ்பிரிட்டுன்னு எழுதியிருந்தே. மார்ச் முதல் வாரமே உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் பதறிப் பதறிக் கேட்டுக்கிட்டிருந்த அதே வாரம்! ஸ்பிரிட்டைத்தான் ஊத்துறோம், நிறுத்து, வெட்டச் சொல்லுன்னு ஒரு வரி எழுத உனக்குக் கை வரல. அப்புறம் ஆஸ்பத்திரியில கேட்டு ஒரு குச்சி வாங்கிட்டு வந்தேன். செருப்பைக் கழட்டிட்டு என் வலது குதிகால்ல தடவினேன். அதைத்தான் அனுப்பினேன்.

ஆரோக்கியமான தோல்னு உன் பேராசிரியர் சொன்னாரில்ல, சரியாத்தான் சொல்லியிருக்கார். அது என் கால். நம்பலைன்னா கிளம்பி வா. இன்னொரு குச்சி எடுத்துட்டு வா. காலை நீட்டுறேன், நீயே தடவி உன் தட்டுல போட்டுப் பாரு.

இப்ப நீ முடிவு பண்ணு. உள்ளதைச் சொன்னா உன் படிப்பு போச்சு. சொல்லலைன்னா என்னை மாதிரி ஒருத்தி எங்கேயோ உக்காந்து புருஷன் கால்ல இதை ஊத்துவா. எனக்கு இனிமே போக ஒண்ணும் இல்ல. உன்னைத் தூக்கி வளர்த்த கையாலதான் இதை எழுதுறேன். நீ நல்லா இருன்னு எழுத வரல.

அக்கா

•

செப்டம்பர் 6

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உன் உடல்நலத்துக்கு என் பிரார்த்தனை. நான் நலம்.

அத்தான் காலமான செய்தி என்னை உடைச்சுப் போட்டுடுச்சு. என்ன எழுதுறதுன்னு தெரியாமதான் இத்தனை மாசம் எழுதல. சுகர் பொல்லாத வியாதி. அவ்வளவு சுகர் இருந்தவருக்கு யார் என்ன செஞ்சிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்னு இங்கே டாக்டருங்க சொல்றாங்க. மருந்தை அனுப்ப மாட்டேன்னுதான் நான் முதல்ல எழுதினேன், நீதான் கேட்டு வாங்கினே. அதைச் சொல்லிக் காட்டுறதுக்காக எழுதல.

குச்சியைப் பத்தி நீ எழுதினதை நான் மனசுல வச்சுக்கல. புருஷனைப் பறிகொடுத்த துக்கத்துல யாரும் எதையும் எழுதுவாங்க. அத்தான் பேர் போட்ட டப்பா, தேதியோட வந்துச்சு. லேப்ல இருக்கிறது அதுதான், நான் அதைத்தான் நம்ப முடியும். அங்கே வந்து பார்க்கத்தான் ஆசை, ஆனா வேலை விடமாட்டேங்குது. கண்ணாடி அம்மாவும் வேற இடத்துக்கு மாறிப் போயிட்டாங்க, எல்லாம் என் தலையிலதான்.

கட்டுரை போன மாசம் வெளிவந்துடுச்சு. கடைசி வரியில உனக்கும் அத்தானுக்கும் நன்றி சொல்லியிருக்கேன், முறைப்படி பேர் போடாம. பத்திரிகையிலயும் சின்னதா செய்தி வந்துச்சு. அதுலேருந்து தினமும் யாராவது எழுதிக்கிட்டே இருக்காங்க. எல்லாருக்கும் முடியாதுன்னு சொல்ல மனசு வரமாட்டேங்குது. நேத்து ஒரு பொண்ணு எழுதியிருந்தாங்க. அவங்க புருஷனுக்குக் கட்டைவிரல்ல புண்ணாம், வெட்ட நாள் குறிச்சுட்டாங்களாம். கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி எழுதி, பாட்டிலைக் கட்டி மேஜைமேல வச்சிருக்கேன். தபால் மூடுறதுக்குள்ள போகணும், இந்தக் கடிதத்தையும் அதோட சேர்த்தே போட்டுடுறேன்.

தம்பி